கீழே வைத்த கஹ்வா

அபூ நாயிஃப் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ காரியம் என்று தஹானிக்குத் தெரிந்துவிட்டது. கணவனின் அண்ணன் வருவது புதிதல்ல. வாரத்தில் பாதி நாள் மனுஷர் இங்கேதான் கிடப்பார், அதுவும் வீட்டில் போட்டுக்கொள்கிற பழைய கம்பளிச் சட்டையோடு. இன்றைக்கோ மடிப்புக் கலையாத மேலங்கி, புதுத் தலைத்துணி, அத்தர் வாசனை. பெண் கேட்கப் போகிறவர் மாதிரி உடுத்தி வந்திருந்தார்.

காலையிலிருந்து பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரக் மலைச்சரிவெல்லாம் பச்சை கட்டியிருந்தது. வருடத்தில் சில வாரம்தான் எங்கள் மண்ணுக்கு இந்தப் பவிசு. அதற்குள் ஆடுகள் மேய்ந்து தீர்த்துவிடும். தஹானியின் கணவன் ஃபவ்வாஸ் அண்ணனை உட்கார வைத்து, தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, ஏலக்காய் போட்ட காபியான கஹ்வாவை ஊற்றி நீட்டினான். அபூ நாயிஃப் கோப்பையை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தனக்கு முன்னால் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சு வேண்டாம். காரியம் கேட்டு வந்தவன் கஹ்வாவைத் தொட மாட்டான். "குடி, நீ கேட்டது உனக்கு" என்று வீட்டுக்காரன் வாயால் சொன்ன பிறகுதான் கோப்பை மேலே எழும்பும். பெண் கேட்கவும் கொலைப் பகையைத் தீர்க்கவும் வைக்கிற கோப்பையைக் கூடப்பிறந்தவன் வீட்டில் கொண்டுவந்து வைத்தால் எப்படி? ஃபவ்வாஸின் முகம் செத்துவிட்டது.

"அண்ணே, என்ன இது? குடிங்க."

"குடிக்க வரலப்பா. கேக்க வந்திருக்கேன். உம்மு லைத் திரும்ப ஸ்கூலுக்குப் போகணும்."

உம்மு லைத் என்றால் தஹானிதான். மூத்த மகன் லைத்தின் பெயரால் அப்படிக் கூப்பிடுவார்கள். பதினேழு வருடம் பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்தியவள். போன வருடம் தொண்டை போய்விட்டது. காற்றுதான் வரும், குரல் வராது. இனிமேலும் கத்தினால் உள்ளதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருடம் எழுதிக் கொடுத்து வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலை கிடைத்தது. செல்போனில் படிக்கிற பாடங்களைச் செய்து தருகிற அம்மான் கம்பெனி ஒன்றில் பாட வடிவமைப்பாளர். யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும், எதை முதலில் காட்டுவது, எங்கே படம், எங்கே கேள்வி என்று வெட்டித் தைக்கிற வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"லீவு இந்த மாசத்தோட முடியுது," என்றார் அபூ நாயிஃப். "கல்வி ஆபீஸ்ல நானே போய்ப் பேசிட்டேன். இடம் அப்படியே கெடக்கு. மாசம் தாண்டுச்சுன்னா வேற எவளுக்காவது தூக்கிக் குடுத்துருவாங்க. அரசாங்க உத்தியோகம், பென்ஷனு. தெருவுல கெடக்குதா?"

"எனக்கும் வேலை இருக்கு, அபூ நாயிஃப்," என்றாள் தஹானி. அவளுடைய குரல் இப்போதெல்லாம் சொரசொரவென்றுதான் வரும்.

"எது? அந்தக் கம்ப்யூட்டர்ல படம் ஒட்டுறதா? பாடம்னா ஒருத்தி நிக்கணும், பிள்ளைங்க உக்காரணும். உன்னை இந்த ஊர்ப்பக்கமே போஸ்டிங் போடச் சொல்லி அன்னைக்கு நான் எத்தனை ஆபீஸ் படி ஏறினேன்? இன்னைக்குக் கடைத்தெருவுல கேக்குறான், உங்க வீட்டு மிஸ் இப்ப டைப் அடிக்கிறாங்களாமேன்னு. என்னன்னு சொல்ல?"

"நின்னு நின்னுதானே தொண்டை போச்சு."

"வீட்டுல என்னைத் திட்டுறதுக்கு மட்டும் நல்லாத்தான் வருது," என்றான் ஃபவ்வாஸ், பேச்சை லேசாக்கப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்கண்ணே. கம்பெனியில நிரந்தரம் ஆயிட்டா சரி. இல்லேன்னா அவளே போவா. நான் பொறுப்பு."

அபூ நாயிஃப் எழுந்து போய்விட்டார். கம்பளத்தின் மேல் கோப்பை நிரம்பினபடியே இருந்தது. தஹானிக்கு அழுகை முட்டியது. அவர் கெட்டவரில்லை, அதுதான் வேதனை. கெட்டவராக இருந்தால் போய்யா என்று சொல்லிவிடலாம்.

அடுத்த நாளே கம்பெனியிலிருந்து தீமா கூப்பிட்டாள். தஹானிக்கு மேலதிகாரி, வயதில் நன்றாகச் சின்னவள். அம்மான் பேச்சு, வழவழவென்று இருக்கும்.

"தஹானி, ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி. உங்க சீஸ் பாடத்தை எல்லாரும் முடிச்சிட்டாங்க. எல்லாருமே 'புரிஞ்சது'ன்னு அழுத்தியிருக்காங்க. ஒருத்தர் பாக்கியில்ல."

"கெட்டது?"

"சீஸைச் சோதிச்சுப் பாத்தாங்களாம். பாதிக்கு மேல தேறல."

கரக்குக்குக் கிழக்கே ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண்களிடமிருந்து வெள்ளைப் பாலாடைக்கட்டி வாங்கி விற்கிற கூட்டுறவு ஒன்று. பச்சைப் பாலில் செய்ததைச் சாப்பிட்டு மால்டா காய்ச்சல் கண்டவர்கள் அதிகமாகிப் போக, போன வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. பாலை முதலில் அளவாகக் காய்ச்ச வேண்டும். அடுப்பில் வைத்து, வெப்பமானியில் சிவப்புக் கோடு வரை ஏற்றி, அந்தச் சூட்டிலேயே அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாடம். கூட்டுறவு வீட்டுக்கொரு வெப்பமானி கொடுத்தது. பாடத்தைத் தஹானி செய்தாள். முழுக்க அவள் கையால் செய்த முதல் பாடம். கிருமி என்றால் என்ன, சூடு என்ன செய்யும், எல்லாம் அழகாக எழுதி, நல்ல குரலுள்ள பெண்ணை வைத்துப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு பகுதி முடிவிலும் 'புரிந்ததா?' என்று கேட்டு, ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான் வைத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லட்டுமா?"

"இருக்கிற விளக்கமே ஒரு புஸ்தகம்," என்றாள் தீமா. "நேர்ல போய்ப் பாருங்க. மாசக் கடைசியில திரும்பச் சோதிப்பாங்க. அதுவும் தேறலைன்னா உங்களுக்காக மேல பேச எனக்கு வாய் இருக்காது. தப்பா எடுத்துக்காதீங்க."

போனை வைத்தபோது தஹானிக்குக் காது மடல் சுட்டது. பதினேழு வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்குப் பால் காய்ச்சச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை. அபூ நாயிஃப் காதில் விழுந்தால் போதும், கல்வி ஆபீஸ் வாசலில் தானே கொண்டுபோய் விடுவார்.

ஃபவ்வாஸ் தன் சரக்கு வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். தக்காளி ஏற்றுகிற வண்டி. எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகாது. மலையை விட்டுக் கிழக்கே போகப் போகப் பச்சை மெலிந்து, கல்லும் காற்றுமாக ஆனது. கூட்டுறவுக்குப் பாலாடைக்கட்டி கொடுக்கிற வத்ஹாவின் வீடு சிமெண்டு வீடுதான். ஆனால் ஆடு ஈன்று பால் கறக்கிற காலமாகையால் பக்கத்தில் கூடாரமும் போட்டு, குடும்பமே அதில்தான் இருந்தது.

ஆடுகளைத் தலைக்குத் தலை எதிரெதிரே வைத்து ஒரே கயிற்றில் இரண்டு வரிசையாகப் பிணைத்திருந்தார்கள். பெண்கள் பின்பக்கமாகக் குந்தி, ஒன்றை முடித்து அடுத்ததற்கு நகர்ந்து நகர்ந்து கறந்தார்கள். பால் பாத்திரத்தில் சர் சர் என்று இறங்கும் சத்தத்துக்கு நடுவிலேயே பேச்சும் ஏச்சும் சிரிப்பும். வத்ஹா எழுந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் விழுந்தது.

"மிஸ்! எங்க மிஸ் வந்துட்டாங்கடி! அடி ஷைமா, ரொட்டி போடு! மிஸ், உங்க பாடம் இருக்கே, தேனு. அந்தப் பொண்ணு குரலைக் கேட்டுக்கிட்டே தூங்கலாம்."

"பாடம் புரிஞ்சுதா, வத்ஹா?"

"புரியாம? ஒண்ணு விடாமப் புரிஞ்சுது."

"எங்க எல்லாருக்கும் புரிஞ்சுது மிஸ்," என்றாள் கறந்துகொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எங்க மாமியாருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினேன். அதுக்கே புரிஞ்சிருச்சு," என்றாள் இன்னொருத்தி. "அதுக்கு ரெண்டு காதும் கேக்காது."

பாலைத் துணியில் வடிகட்டிப் பெரிய பானையில் ஊற்றி, எரிவாயு அடுப்பில் ஏற்றினார்கள். வத்ஹா வெப்பமானிக் குச்சியைக் கொண்டுவந்து பானைக்குள் விட்டாள். அது தடக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. தீ படுகிற அடித்தட்டில் சூடு கிடுகிடுவென ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும், "பாத்தீங்களா!" என்று பெருமையாகக் காட்டினாள். மேல்பால் விரல் விட்டால் சுடாத வெதுவெதுப்பில் கிடந்தது. அங்கிருந்துதான் அரைமணிக் கணக்கும் தொடங்கியது.

வெப்பமானி நடுப்பாலில் தொங்க வேண்டும், அடியில் படக்கூடாது. தஹானி அதை எழுதியிருந்தாள். தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள்.

"வத்ஹா, குச்சி அடியில படக்கூடாதுன்னு பாடத்துல..."

"ஆமா மிஸ், படக்கூடாது," என்றாள் வத்ஹா, பாசமாக. குச்சி அங்கேயே இருந்தது.

இல்லை என்று சொன்னால் மிஸ்ஸுக்கு மனசு சங்கடப்படுமே. வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்து, நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று எந்தப் பெண் சொல்வாள்? தஹானிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அந்த நேரம் கூடாரத்துக்குள் ஆண்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு. அவள் எட்டிப் பார்த்தாள். வத்ஹாவின் புருஷன் முத்லக் கஹ்வாப் பாத்திரத்தோடு நின்றிருந்தான். ஃபவ்வாஸ் தன் வண்டி கியர் உடைந்த கதையில் மூழ்கியிருந்தான். அவன் குடித்து முடித்த கோப்பையை நீட்டிப் பிடித்தபடியே கதை சொல்ல, முத்லக் ஊற்றினான். "போதும்" என்றுவிட்டுக் குடித்து, மறுபடியும் நீட்டினபடி கதை. மறுபடியும் ஊற்றினான்.

"போதும்னேனே முத்லக்! வல்லாஹி, சத்தியமாப் போதும்! ராத்திரி தூங்க வேணாமா?"

"உன் வாயை யாருய்யா பாத்தா?" என்றான் முத்லக். "கையை ஆட்டு. நீ கரக் ஊர்க்காரன்தானா, இல்ல எங்கயாவது புடிச்சிட்டு வந்தாங்களா?"

வேண்டாமென்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஊற்றுகிறவன் அதைத்தான் பார்ப்பான். மரியாதைக்குப் போதும் போதும் என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு நிறுத்தினால் வந்தவன் ஒருத்தனும் வயிறு நிறையக் குடிக்க முடியாது. ஃபவ்வாஸ் அசட்டுச் சிரிப்போடு கோப்பையை ஆட்டினான்.

தஹானி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வகுப்பில் அவள் ஒருநாளும் 'புரியுதா' என்று கேட்டதில்லை. கேட்டால் அத்தனை வாயும் ஒரே ராகத்தில் 'புரியுது மிஸ்' என்று பாடும் என்பது முதல் வருடமே தெரிந்துபோயிற்று. பேட்டரியையும் கம்பியையும் கையில் கொடுத்து, பல்பை எரியவை என்று சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பாள். எந்தக் கை தயங்குகிறதோ அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. இந்த வித்தையைப் பதினேழு வருடம் பழகியவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரமெல்லாம் இங்கே எதற்கு என்று மொத்தமாக மறந்துபோனாளே! தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் சந்தோஷமும் வந்தது.

"வத்ஹா, உன் பானையைப் போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"இந்தக் கரிப்பானையையா? இருங்க, தேய்ச்சுத் தரேன்."

"தேய்க்காத. இப்படியே வேணும். குச்சியைப் பிடிச்சிருக்கிற உன் கையும் வேணும்."

"முகம் வேணாம் மிஸ், அவருக்குப் பிடிக்காது."

"முகத்தை வச்சு நான் என்ன பண்ண? கை போதும்."

அந்த வாரம் தஹானியின் வீடு பால்காரன் வீடாகிப் போனது. அவள் பழைய பாடத்தை முழுசாகத் தூக்கிப் போட்டாள். கிருமிக் கதை போனது. தேன்குரல் போனது. முதல் திரையிலேயே வத்ஹாவின் கரிப்பானை வந்து நின்றது. குச்சியை எங்கே வைப்பாய்? அடியிலா, ஓரச்சுவரிலா, நுரையிலா, நடுப்பாலிலா? விரலால் தொட்டுக் காட்டு. தொட்டதும் சரி, தப்பு என்று எதுவும் வராது. அந்தப் பாலில் செய்த பாலாடைக்கட்டி கதையாக நகரும்; சந்தைக்குப் போகும், விருந்துக்குப் போகும், யாரோ ஒருவர் வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகு என்ன ஆனது என்பதைப் பார்த்துத்தான் படிக்கிறவள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு, திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

ஒவ்வொன்றையும் தஹானி தன் அடுப்பில் செய்து பார்த்தாள். ஃபவ்வாஸ் கிளறினான், வடிகட்டினான், பால் பொங்கி அடுப்பில் வழிந்ததற்குத் திட்டும் வாங்கினான். காலையில் பாலாடைக்கட்டி, மதியம் பாலாடைக்கட்டி.

"இன்னொரு வாரம் இப்படியே போச்சுன்னா நானே 'மே'ன்னு கத்தப்போறேன்," என்றான். ஆனாலும் விடிந்ததும் பால் கேனோடு நின்றது அவன்தான்.

தீமாவுக்குத்தான் ஒரு தயக்கம். "எல்லாம் பிரமாதம். ஆனா 'புரிஞ்சதா' பொத்தானை எடுத்துட்டீங்களே. கூட்டுறவுக்காரங்க கேட்டா எதைக் காட்டுறது?"

"சீஸைக் காட்டலாம்," என்றாள் தஹானி.

"சரி," என்றாள் தீமா.

பாடம் முடிகிற சமயம் அபூ நாயிஃப் வந்தார். கம்பளிச் சட்டைதான், காரியமாக வரவில்லை. தஹானி போனை அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன இது?"

"சீஸ் செய்யணும். குச்சியை எங்க வைப்பீங்க?"

"ஆம்பளைகிட்ட கேக்குற கேள்வியா?" என்று முனகிக்கொண்டே பானையின் அடியைத் தொட்டார். கட்டி கிளம்பியது. கல்யாண வீட்டுக்குப் போனது. மூன்றாம் திரையில் ஒரு மனிதர், தலையோடு கால் போர்வை, வேர்த்து வழிய, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அபூ நாயிஃபின் முகம் மாறியது. ஒரு குளிர்காலம் முழுக்க அவரும் அப்படித்தான் கிடந்தார். மச்சினி ஆசையாகக் கொண்டுவந்த பாலாடைக்கட்டி செய்த வேலை. எழுந்து தொழக்கூட முடியாமல் இடுப்பு போய்விட்டது.

"இது யாரு? என்னையா வரைஞ்சு வச்சிருக்க?"

"பேர் போடலையே, அபூ நாயிஃப்."

அவர் மறுபடி தொட்டார். இந்த முறை ஓரச்சுவர். மனிதர் மறுபடி படுத்தார். "அட, நாசமாப் போக!" என்று தலைத்துணியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுப்பாலைத் தொட்டதும் கல்யாண வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து ஆடப் போனார்கள். அவருடைய மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த திரைக்கு அவராகவே போனார். அதற்கு அடுத்ததற்கும். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் தலையைத் தூக்கினார்.

"கஹ்வா ஊத்தட்டுமா?" என்றாள் தஹானி.

"அது மாசக் கடைசிக்கு," என்று எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "அரைமணி நேரம் நிக்கணும்ங்கிறது நிஜமாவா?" என்று கேட்டார்.

பாடம் கிழக்கே போனது. இரண்டாம் நாளே வத்ஹாவின் குரல்பதிவு போனில் வந்தது. தேன் எல்லாம் ஒன்றுமில்லை.

"மிஸ், இது என்ன பாடம்? என் கையாலயே மூணு பேரைப் படுக்க வச்சிட்டீங்க! என் பானை, என் கை, என் சீஸு, அந்த மனுசன் வேர்த்துக்கிட்டுக் கெடக்குறான். எனக்குச் சோறு இறங்கல. ஷைமாவும் நானும் சண்டை, குச்சியை எங்க வைக்கிறதுன்னு. அவ நுரையில வைங்கிறா, மூதேவி. எனக்கு ஒண்ணு விளங்கல, கேட்டே ஆகணும். குச்சியை நடுவுல எப்படி நிறுத்துறது? கையிலயே பிடிச்சிக்கிட்டு நிக்க நான் என்ன கம்பமா?"

தஹானி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எனக்கு விளங்கவில்லை! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பானை மேல் குறுக்கே ஒரு கரண்டியை வைத்து, குச்சியை அதில் நூலால் கட்டித் தொங்கவிடுகிற படம் ஒன்றை அன்றைக்கே சேர்த்து அனுப்பினாள்.

மாசக் கடைசியில் தீமா கூப்பிட்டாள். வழவழப்பெல்லாம் போய்க் கத்தினாள்.

"தேறிடுச்சு, தஹானி! எல்லாம் தேறிடுச்சு! ஒரே ஒரு வீடு மட்டும் இல்ல."

"ஏன், என்ன ஆச்சு?"

"பாதியில கேஸ் தீர்ந்துபோச்சாம். அந்தம்மாவே போன் பண்ணி, இது சரியா வேகல, வாங்காதீங்கன்னு சொல்லிடுச்சாம்! கூட்டுறவுக்காரர் ஆச்சரியத்துல தலையில கைய வச்சிட்டு உக்காந்திருக்கார். இனிமே உப்புநீர்ல ஊறப்போடுற பாடமும் நீங்கதான் செய்யணுமாம். நீங்க நிரந்தரம். கேக்குதா? நிரந்தரம்!"

தஹானி அடுப்படியிலேயே ஒரு சத்தம் போட்டாள். டாக்டர் போடக்கூடாது என்று சொன்ன சத்தம். ஃபவ்வாஸ் பதறி ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் கையிலிருந்த பால் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு சமையலறையிலேயே தப்கே ஆடினான். தனியாளாக ஆடுகிற ஆட்டமில்லை அது. அவளும் தோளைக் கோத்துக்கொண்டாள்.

அன்று மாலையே அபூ நாயிஃப் வந்தார். மேலங்கி, புதுத் தலைத்துணி, அத்தர். சேதி அதற்குள் கடைத்தெருவெல்லாம் போயிருந்தது. ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். வத்ஹா கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியைச் சூடான ரொட்டியோடு வைத்தார்கள். அவர் அதைக் கையிலெடுத்து, உற்றுப் பார்த்து, "நடுவுலதானே வச்சாங்க?" என்றார்.

"நடுவுலதான். அரைமணி நேரம்."

சாப்பிட்டார். இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். ஃபவ்வாஸ் கஹ்வாப் பாத்திரத்தைக் கொண்டுவந்து முதல் கோப்பையை அண்ணனுக்கு ஊற்றினான். தஹானி அவர் கையையே பார்த்தாள். அபூ நாயிஃப் கோப்பையை ஒரே வாயில் குடித்து, ஆட்டி, திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்க வந்தது அத்தோடு முடிந்தது.

அடுத்த கோப்பை தஹானிக்கு. அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. குனிந்து, அபூ நாயிஃபுக்கு நேர் முன்னால், கம்பளத்தின் மேல் வைத்தாள்.

ஃபவ்வாஸ் வாயைப் பிளந்தான். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை கோப்பை வைத்ததில்லை.

"நீ என்ன கேக்குற, உம்மு லைத்?" என்றார் அபூ நாயிஃப், மெதுவாக.

"கல்வி ஆபீஸ்ல எனக்குப் போஸ்டிங் வாங்கித் தந்தது நீங்கதான். நாளைக்கு நான் வேலையை விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். என்கூட நீங்க வரணும். அந்தப் படியில நீங்க முன்னால ஏறணும். கடைத்தெருவுல எவனாவது கேட்டா, எங்க வீட்டு மிஸ் டைப் அடிக்கல, பாடம் செய்றாங்கன்னு நீங்க சொல்லணும்."

அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். தம்பி கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சபையில் பேசுகிற குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"குடி, உம்மு லைத். நீ கேட்டது உனக்கு."

அவள் எடுத்துக் குடித்தாள். கஹ்வா இன்னும் சூடாகவே இருந்தது. கோப்பையை நீட்டி, "போதும்" என்றாள், மரியாதைக்கு.

அபூ நாயிஃப் அவள் கையைப் பார்த்தார். கை ஆடவில்லை. மறுபடியும் ஊற்றினார்.